ரோஸ் ஹில்லில் இருந்து சென் பியேருக்கு: நாலு மழைக்காலம் கழித்து

போன வாரம் இடைவேளையில், கூட வேலை பார்க்கும் தமிழ் ஆசிரியை ஒருத்தி கைப்பேசியை என் முன்னால் நீட்டினாள். "அக்கா, மோக்கா பக்கம் ஒரு வீடு. எட்டு பெர்ச் நிலம். முன்னாடி கரும்புத் தோட்டம், பின்னாடி மலை. வாங்கலாமா, சொல்லுங்க." படம் நன்றாகத்தான் இருந்தது. நீல வானம், புல் தரை, ஒட்டடை இல்லாத வெள்ளைச் சுவர். நாலு வருஷத்துக்கு முன்னால் எங்களுக்கும் இதே மாதிரி ஒரு படத்தைத்தான் காட்டினார்கள். மணி அடித்துவிட்டது, அவளுக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்ததை எழுதி வைக்கிறேன். அவளைப் போல யோசித்துக்கொண்டிருக்கிறவர்கள் இந்த மொரீஷியஸ் தீவில் நிறையப் பேர்.

நான் மயிலாடுதுறைக்காரி. கல்யாணமாகி மொரீஷியஸ் வந்தது 2007-இல். ரோஸ் ஹில்லில் என் மாமியார் வீட்டில் பதினைந்து வருஷம் இருந்தோம். மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. பக்கத்து வீட்டுக் குக்கரில் எத்தனையாவது விசில் என்று நம் வீட்டு அடுப்படியில் இருந்தே சொல்லிவிடலாம், அவ்வளவு நெருக்கம். கீழே நாத்தனார் குடும்பம், மேலே நாங்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் வளர வளர வீடு சின்னதாகிக்கொண்டே வந்தது. பையன் சாப்பாட்டு மேசையில் படித்தான். அவன் படித்து முடித்தால்தான் நாங்கள் சாப்பிட முடியும்.

வீடு தேட ஆரம்பித்தபோது எல்லாரும் கை காட்டிய திசை மோக்காதான். ஏன் அங்கே என்று கேட்டால் கதை கரும்பில் ஆரம்பிக்கிறது. ஐரோப்பா நம் சர்க்கரைக்குக் கொடுத்துவந்த உத்தரவாத விலையை 2006-இல் இருந்து படிப்படியாக 36 சதவீதம் வெட்டியது. கரும்பு மட்டும் போட்டால் கட்டுப்படியாகாது என்று ஆனதும், நிலம் வைத்திருந்த பெரிய கம்பெனிகள் தோட்டத்தில் கட்டடம் எழுப்பத் தொடங்கின. பகாடேல் மால் 2011-இல் திறந்தது. 2015-இல் அரசு ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தைக் கொண்டுவந்தது. அப்புறம் அலுவலகம், பள்ளிக்கூடம், அடுக்குமாடி என்று மோக்காவில் இருந்து சென் பியேர் வரைக்கும் வரிசையாக வந்துவிட்டன. ஒரு வேடிக்கை: போர்ட் லூயிஸ், ரோஸ் ஹில், கியூர்பைப் எல்லாம் நகராட்சிகள். மோக்காவோ சட்டப்படி இன்னமும் கிராமம்தான், மாவட்ட மன்றத்தின் கீழ் வருகிறது. ரோஸ் ஹில்லில் வீட்டு விலை கேட்டுவிட்டு அந்தக் ‘கிராம’த்தில் கேட்டால் தலை சுற்றும்.

மோக்காவுக்குள் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. கொஞ்சம் தள்ளி, சென் பியேரில், ஒரு பழைய மொர்செல்மானில் எட்டு பெர்ச் மனையோடு வீடு கிடைத்தது. மொர்செல்மான் என்றால் நம்மூரில் ‘நகர்’ என்று பேர் வைத்து மனை பிரித்து விற்பார்களே, அதுதான். பெர்ச் என்பது 42.2 சதுர மீட்டர், நம்மூர் சென்ட்டைவிடக் கொஞ்சம் பெரிசு. அப்பாவிடம் தொலைபேசியில் எட்டு சென்ட் மாதிரி என்று சொன்னதும் அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "கிணறு இருக்கா?" என்றுதான் அடுத்துக் கேட்டார்.

வீட்டைப் பார்க்க மூன்று தடவை போனோம். மூன்றும் ஞாயிற்றுக்கிழமை, மூன்றும் காலை பதினொரு மணி, மூன்றும் நவம்பர், டிசம்பர் மாதத்து வெயில். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. தீவில் மழைக்காலம் இன்னும் முழுசாகப் பிடிக்காத மாதங்கள் அவை. ஞாயிறு காலையில் சாலையில் வண்டியே இருக்காது. இருபது நிமிஷத்தில் போய் இருபது நிமிஷத்தில் திரும்பினோம். "ரொம்பக் கிட்டதான்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டோம். சுமார் பத்து கிலோமீட்டர், கிட்டதான். அது ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு.

பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், நாங்கள் அதிகம் அடி வாங்கியது அங்கே. வீடு 60 லட்சம் ரூபாய், இங்கே சொல்வது போல 6 மில்லியன். வாங்குகிறவர் பதிவுக் கட்டணம் 5 சதவீதம் கட்ட வேண்டும். 60 லட்சத்துக்கு 3 லட்சம். அதற்கு மேல் பத்திரம் எழுதும் நொத்தேரின் கட்டணம், அந்தக் கட்டணத்துக்கு 15 சதவீத வாட் வரி. அப்போது வாங்கும் விலையில் 5 சதவீதத்தை, 5 லட்சம் வரம்போடு, அரசே திருப்பித் தரும் ஒரு திட்டம் இருந்தது. நல்ல உதவிதான். ஆனால் ‘திருப்பி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். முதலில் நம் கையில் இருந்து போக வேண்டும். சேமிப்பை எல்லாம் முன்பணத்தில் வைத்துவிட்டு, பதிவுக்கு என் வளையலை அடகு வைத்தோம். நொத்தேர் அலுவலகத்தில் நோட்டுகளை எண்ணும்போது, அதில் அச்சடித்திருக்கும் தமிழ் எழுத்தையும் தமிழ் எண்ணையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த ஊர் ரூபாய் நோட்டில் நம் எழுத்து இருப்பதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. அன்றைக்கு மட்டும் அது கை மாறிப் போவதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

வங்கியில் வாங்கியது 35 லட்சம், 25 வருஷத்துக்கு, மாறும் வட்டியில். தொடங்கும்போது வட்டி 4 சதவீதம், மாதத் தவணை 18,500 ரூபாய்க்குக் கொஞ்சம் உள்ளே. கொரோனா காலத்தில் மத்திய வங்கியின் அடிப்படை வட்டி 1.85 சதவீதத்தில் கிடந்தது. எல்லாரும் அதையே நிரந்தரம் என்று நினைத்துக்கொண்டோம். 2022 மார்ச்சில் ஏற ஆரம்பித்து டிசம்பருக்குள் 4.5-க்கு வந்து நின்றது. எங்கள் தவணை 24,000-ஐத் தொட்டது. ஒரே வருஷத்தில் மாதம் ஐயாயிரத்து ஐந்நூறு கூடுதல். வீட்டுக்காரர் கார் மாற்றும் யோசனையை விட்டார், நான் சனிக்கிழமை டியூஷன் எடுக்க ஆரம்பித்தேன். ஆகவே யார் கேட்டாலும் நான் சொல்வது: வங்கி சொல்லும் வட்டியோடு இன்னும் மூன்று சதவீதம் கூட்டி, அந்தத் தவணையை இப்போதே ஆறு மாதம் தனியாக எடுத்து வைத்துப் பாருங்கள். மூச்சு முட்டினால் வீடு பெரிசு என்று அர்த்தம். எடுத்து வைத்த பணம் எப்படியும் பதிவுக்கு ஆகும்.

சாவி கைக்கு வந்தது 2022 ஜனவரியில். பால் காய்ச்சிக் குடிபோய் மூன்று வாரம்கூட ஆகவில்லை, பிப்ரவரி தொடக்கத்தில் பட்சிராய் புயல் தீவின் வடக்கே கடந்து போனது. கண்ணாடி ஜன்னல்களுக்குப் பலகை அடித்து, மெழுகுவர்த்தி, ரொட்டி எல்லாம் வாங்கி வைத்து, இந்த ஊர் வழக்கப்படி எல்லாம் செய்தோம். ராத்திரி இரண்டு மணிக்குப் பெண் எழுந்து வந்து, "அம்மா, என் தலையணை அழுகிறது" என்றாள். போய்ப் பார்த்தால் கூரையின் மூலையில் இருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், சரியாகத் தலையணை மேல்.

இங்கே வீடுகள் எல்லாம் தட்டையான காங்கிரீட் தளம். அதன் மேல் நீர் இறங்காமல் ஒரு படலம் ஒட்டியிருப்பார்கள், ‘எத்தான்ஷெயிதே’ என்பார்கள். சில வருஷத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். எங்கள் வீட்டு உள்கூரைக்குப் புத்தம்புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அதைப் பார்த்து நாங்கள் மகிழ்ந்துபோனோம். எதை மறைக்க அடித்தார்கள் என்று யோசிக்கவில்லை. மேலே ஏணி வைத்து ஏறிப் பார்த்திருந்தால் படலம் கொப்புளம் கொப்புளமாக எழும்பிக் கிடந்தது தெரிந்திருக்கும். புதுப்பிக்க ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. வீடு பார்க்கப் போகிறவர்கள் சமையலறை அலமாரியைத் திறந்து திறந்து மூடுவதை விட்டுவிட்டு, ஒரு ஏணி கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அதுவே பதில்.

அப்புறம் ஈரம். மழை வேறு, ஈரம் வேறு என்பதை நான் சென் பியேரில்தான் கற்றுக்கொண்டேன். தென்கிழக்கில் இருந்து வரும் காற்று கடலீரத்தைச் சுமந்துகொண்டு வந்து, நடுவில் இருக்கும் மேட்டு நிலத்தில் இறக்கிவிட்டு, இளைத்துப்போய் மேற்கே இறங்குகிறது. ரோஸ் ஹில் மேற்குப் பக்கம் சாய்ந்த ஊர். அதற்கு மிச்சம்தான் கிடைக்கும். சென் பியேர் மேட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை குளிர்காலத்தில் பெய்வதை மழை என்றுகூடச் சொல்ல முடியாது, சல்லடையில் சலித்த மாதிரி ஒரு தூறல். குடை பிடித்தாலும் நனையும், பிடிக்காவிட்டாலும் அதே அளவுதான் நனையும்.

ரோஸ் ஹில்லில் மொட்டை மாடியில் வெங்காய வடகம் போட்டால் மூன்றாம் நாள் கலகலவென்று டப்பாவில் கொட்டலாம். சென் பியேரில் போன ஜூலையில் போட்டேன். முதல் நாள் வெயில். இரண்டாம் நாள் மூன்று தடவை உள்ளே எடுத்து மூன்று தடவை வெளியே வைத்தேன். நாலாம் நாள் அது வடகமாகவும் இல்லை, மாவாகவும் இல்லை. பச்சை ரோமம் முளைத்த ஏதோ ஒன்றாக இருந்தது. வடகம் போனால் போகிறது என்று விட்டேன். ஆகஸ்டில் ஒரு கல்யாணத்துக்காகப் பீரோவைத் திறந்தேன். என் கூறைப் புடவையின் மடிப்பு ஒவ்வொன்றிலும் விபூதி பூசினாற்போல் வெள்ளைப் பூஞ்சை. அன்றைக்குத்தான் உட்கார்ந்து அழுதேன். வெளிச்சுவரை ஒட்டி பீரோவைப் போட்டிருந்தோம், அதுதான் தப்பு. இப்போது உள்சுவர்ப் பக்கம், ஒரு ஜாண் இடைவெளி விட்டு நிற்கிறது. ஈரம் உறிஞ்சும் மின்சாரப் பெட்டி ஒன்று வாங்கினோம். குளிர்காலத்தில் ஒரு ராத்திரியில் இரண்டு லிட்டர் தண்ணீர் பிடிக்கிறது. அதைக் கொட்டும்போதெல்லாம், இவ்வளவையும் நாம்தான் மூச்சாக இழுத்துக்கொண்டு தூங்கினோமா என்று தோன்றும். கூரை மேல் வைத்த சூரிய வெந்நீர்த் தொட்டியும் ஜூலையில் மேகத்தைப் பார்த்து மௌனவிரதம். மின்சார ஹீட்டரும் வேண்டும், அதன் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முற்றத்தில் வைத்த முருங்கை நாலு வருஷமாக என் இடுப்பைத் தாண்டவில்லை. கறிவேப்பிலை மட்டும் நன்றாக வந்திருக்கிறது.

போக்குவரத்தில் வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி. என் பள்ளி மோக்கா மாவட்டத்தில். ரோஸ் ஹில்லில் இருந்து இரண்டு பேருந்து மாறிப் போய்க்கொண்டிருந்த எனக்கு இப்போது பன்னிரண்டு நிமிஷம். வீட்டுக்காரருக்கு வேலை தலைநகர் போர்ட் லூயிஸில். 2020 ஜனவரியில் ரோஸ் ஹில்லில் இருந்து போர்ட் லூயிஸுக்கு மெட்ரோ ஓட ஆரம்பித்ததில் இருந்து அவர் ராஜா மாதிரி போய்க்கொண்டிருந்தார். வீட்டில் இருந்து ஏழு நிமிஷ நடை, ஏறி உட்கார்ந்தால் பேப்பர் படித்து முடிக்கும் முன் அலுவலகம். இப்போது மேட்டில் இருந்து காரில்தான் போக வேண்டும். காலை 6.15-க்குக் கிளம்பினால் 25 நிமிஷம். 7 மணிக்குக் கிளம்பினால் ஒரு மணி பத்து நிமிஷம். ரெதுயி வட்டச்சாலையில் நிற்கும் நேரத்தில் ஒரு சகஸ்ரநாமம் சொல்லி முடித்துவிடலாம். அதனால் அவர் 6.15-க்கே போய், அலுவலக வாசலில் காருக்குள் உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறார். பிள்ளைகள் எழுந்திருக்கும்போது அப்பா வீட்டில் இல்லை. அலுவலகங்கள் நிறைந்த எபேனிலோ மோக்காவிலேயோ வேலை என்றால் இந்தப் பேச்சே வேண்டாம், தாராளமாக வரலாம். வடக்கே வேலை என்றாலும் வெர்டன்-தெர் ரூஜ் சாலை இருக்கிறது, தலைநகருக்குள் நுழையாமல் போய்விடலாம்.

வீடு விற்றவர் சொன்ன இன்னொரு வசனம்: "மெட்ரோ இங்கேயே வரப்போகிறது." எபேன் வழியாக ரெதுயி வரைக்கும் 2023 ஜனவரியில் வந்தது, உண்மை. அங்கிருந்து சென் பியேர், கோட் டோர் வரை நீட்டுவதாக அறிவிப்பும் வந்தது. இன்றுவரை எங்கள் வீட்டுப் பக்கம் ரயில் சத்தம் கேட்கவில்லை. வந்தால் சந்தோஷம். ஆனால் வராத ரயிலுக்கு விலையில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். எதிரே இருக்கும் கரும்புத் தோட்டத்துக்கும் அப்படித்தான். மே மாதம் கரும்பு பூத்து வெள்ளி வெள்ளியாக ஆடுவதை நாங்கள் ஒரே ஒரு வருஷம் பார்த்தோம். அடுத்த வருஷம் அளவுக்காரர்கள் வந்து குச்சி நட்டார்கள். இரண்டு வருஷம் புழுதி, இப்போது எதிரே வரிசையாக மதில்கள். அதில் அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை, நாங்கள் குடியிருக்கும் இடமும் ஒரு காலத்தில் யாரோ ரசித்த கரும்புதான். எதிர் நிலம் யாருடையது என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். பெரிய கம்பெனி நிலம் என்றால் கட்டடம் வந்தாயிற்று என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

2024 ஜனவரி 15, பெலால் புயல் நாளையும் சொல்ல வேண்டும். போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததை எல்லாரும் பார்த்தோம். எங்கள் மேட்டில் தண்ணீர் கடகடவென்று வடிந்துவிட்டது, வாசல்படிகூட நனையவில்லை. ஆனால் வீட்டுக்காரர் அன்று காலை வழக்கம் போல 6.15-க்குக் கிளம்பிப் போயிருந்தார். மதியத்தில் இருந்து தொலைபேசி எடுக்கவில்லை. கார் மேல் தளத்தில் நின்றதால் தப்பியது. கூட வேலை செய்பவரின் கார் கண் முன்னால் போனதாம். வீட்டை மேட்டுக்கு மாற்றிவிட்டோம், சோறு போடும் வேலையைப் பள்ளத்திலேயே விட்டுவைத்திருக்கிறோம் என்று அன்று ராத்திரி எட்டு மணி வரை வாசலில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

பள்ளிக்கூடம் பற்றிச் சுருக்கமாக. அரசு ஆரம்பப் பள்ளியில் சேர வீட்டு முகவரிதான் கணக்கு. ஏழாம் வகுப்புக்கு நாட்டை நான்கு மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள், ஆகவே பிள்ளை ஆறாம் வகுப்பை நெருங்கும்போது வீடு மாறுவதானால் முன்கூட்டியே விசாரியுங்கள். நாங்கள் பையனைத் தேர்வு முடியும் வரை பழைய பள்ளியிலேயே வைத்தோம், பெண்ணை மட்டும் புதுப் பள்ளியில் சேர்த்தோம். சேர்க்கும்போது நான் கேட்ட முதல் கேள்வி: "தமிழ் இருக்கிறதா?" தமிழ், இந்தி, உருது, தெலுங்கு, மராத்தி, மாண்டரின், அரபு, 2012-இல் இருந்து இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோல், இவற்றில் ஒன்றைப் பிள்ளை எடுத்துக்கொள்ளலாம். பட்டியலில் இருப்பதும் வகுப்பில் நடப்பதும் ஒன்றல்ல என்பது நானே அந்த வேலையில் இருப்பதால் தெரியும். பெண்ணின் வகுப்பில் தமிழுக்கு ஏழே பேர். ரோஸ் ஹில்லில் இருபத்திரண்டு பேர். ஏழு பேரில் ஒரு நன்மை, எல்லாருக்கும் தினமும் வாசிக்க முறை வருகிறது. எழுத்து அவளுக்கு அண்ணனைவிட நன்றாக வந்திருக்கிறது என்று சொன்னால் பையன் கோபித்துக்கொள்வான். அவனுக்கும் ஒன்று கிடைத்தது: 2019 தீவு விளையாட்டுகளுக்காகக் கோட் டோரில் கட்டிய வளாகத்தில் நீச்சல் கற்றுக்கொண்டான். அவனுக்கென்று ஒரு மேசை, ஒரு கதவு. கதவைச் சாத்திக்கொள்ள ஒரு அறை கிடைத்த பிறகுதான் அவன் படிக்கவே ஆரம்பித்தான்.

இவ்வளவையும் நாங்கள் முன்பே கொஞ்சமாவது யோசித்திருந்தோம். யோசிக்காமல் விட்டது எங்களோடு வந்த அத்தையை, என் மாமியாரை.

அத்தைக்கு அப்போது எழுபத்தொன்று. "அம்மா, உங்களுக்கு வீடு பிடித்திருக்கிறதா?" என்று மகன் கேட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை வெயிலில், தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு, அவர் பிடித்திருக்கிறது என்றுதான் சொன்னார். கேள்வியே தப்பு. காலை ஏழு மணியில் இருந்து பதினொரு மணி வரை நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். ரோஸ் ஹில்லில் அந்த நாலு மணி நேரம் நிரம்பி வழியும். ஏழு மணிக்குப் பக்கத்துத் தபாஜியில் ரொட்டி. தபாஜி என்றால் பெட்டிக்கடையைவிடக் கொஞ்சம் பெரிய கடை. ரொட்டி வாங்க ஒரு நிமிஷம், பேச இருபது நிமிஷம். வெள்ளிக்கிழமை என்றால் ஸ்டான்லியில் திரௌபதி அம்மன் கோவில். மற்ற நாளில் மார்க்கெட். கீரைக்காரியிடம் முருங்கைக்கீரை பேரம். முருங்கைக்கீரையைக் கிரியோலில் ‘ப்ரெட் முரூம்’ என்பார்கள், நம் சொல்தான் வேஷம் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வழியில் நின்று ஒரு கத்தோ பிமா, நம் பருப்பு வடைதான், டாக்டர் வேண்டாம் என்று சொன்னது. மருந்துக் கடைக்காரரிடம் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு, அதைப் பற்றி இரண்டு பேரிடம் சொல்லிவிட்டு வீடு வந்து சேர்வார்.

சென் பியேரில் எங்களுக்குப் பக்கத்தில் உள்ள தபாஜி ஒன்றேகால் கிலோமீட்டர். நடைபாதை இல்லை, ஒரு பக்கம் கரும்பு, ஒரு பக்கம் லாரி. முதல் மாதம் அத்தை வாசல் கேட் வரை போய் நின்றுவிட்டுத் திரும்புவார். இரண்டு பக்கமும் மதில், மதிலுக்குள் நாய், நாய்க்குப் பின்னால் எல்லாரும் வேலைக்குப் போன வீடுகள். ஒரு நாள் நான் பள்ளியில் இருந்து வந்தபோது வராந்தாவில் செருப்பைப் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார், எங்கேயும் போவதற்காக இல்லை. "இஸி பேனா திமூன், மோ திஃபி" என்றார். இங்கே மனுஷாளே இல்லையடி மகளே என்று அர்த்தம். அவர் தமிழில் பாட்டுப் பாடுவார், சாமி கும்பிடுவார், சமையல் பேசுவார். மனசில் இருப்பது கிரியோலில்தான் வரும். முதல் ஆறு மாதத்தில் நாலு கிலோ குறைந்தார். டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார்.

தைப்பூசக் காவடி வந்தபோது இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. நாற்பது வருஷம் அவர் வீட்டில் இருந்து கிளம்பி, ஆற்றங்கரைக்குப் போய், பால் செம்போடு கோவிலுக்கு நடந்தவர். வழியில் எந்த வாசலில் தண்ணீர் தெளிப்பார்கள், எந்த வாசலில் எலுமிச்சம்பழம் கொடுப்பார்கள் என்று அவருக்குப் பாடம். சென் பியேரில் இருந்து விடியற்காலை நாலு மணிக்குக் காரில் கிளம்பினோம். மடியில் செம்பு, வளைவு வரும்போதெல்லாம் அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். "கார் குலுக்கலில் பால் திரிந்துவிடுமோ?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். திரியவில்லை. ஆனால் அடுத்த வருஷத்தில் இருந்து விரதம் தொடங்கியதுமே நாத்தனார் வீட்டுக்குப் போய்விடுகிறார், பத்து நாளும் அங்கேதான்.

நாங்கள் கண்டுபிடித்த வழி பெரிய வழி ஒன்றும் இல்லை. இந்த ஊரில் 2005-இல் இருந்து மூத்தவர்களுக்கும் மாணவர்களுக்கும் பேருந்து இலவசம். செவ்வாயும் வெள்ளியும் காலையில் நான் பள்ளிக்குப் போகும்போது அவரை நிறுத்தத்தில் இறக்கிவிடுவேன், ரோஸ் ஹில் போய்விடுவார். வெள்ளி ராத்திரி நாத்தனாரிடம் தங்கிச் சனிக்கிழமை மார்க்கெட் பார்த்துவிட்டு, பையில் கீரையும் ஊர்க்கதையும் நிரப்பிக்கொண்டு திரும்புவார். சாயங்காலம் பேருந்து சீக்கிரமே நின்றுவிடும், ஞாயிறு ரொம்பக் குறைவு, அதனால் நேரத்தைத் தப்பவிட்டால் யாராவது காரில் போய் அழைத்து வர வேண்டும். போன எடையில் மூன்று கிலோ திரும்பி வந்தது. நான்காவது கிலோ கத்தோ பிமாவுடையது, அது வராமல் இருப்பதே நல்லது என்கிறார் டாக்டர். அக்கம்பக்கமும் மெல்லத்தான் திறந்தது. இரண்டாம் வருஷம் டிசம்பரில் எதிர் வீட்டு அம்மாள் ஒரு கூடை லிச்சிப் பழம் கொண்டுவந்து கொடுத்தார். கூடையைக் காலியாகத் திருப்பக் கூடாது என்று அத்தை அதில் அதிரசம் வைத்து அனுப்பினார். அதில் இருந்து பேச்சு ஆரம்பித்தது.

நல்லது எத்தனை, கெட்டது எத்தனை என்று ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு எழுதினோம், வாங்குவதற்கு முன்னால். நல்லது பதினொன்று, கெட்டது நாலு. தாள் இன்னும் பத்திரக் கோப்பில் இருக்கிறது. எடுத்துப் பார்த்தால், எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பதினொன்றும் யாருக்கு, அந்த நாலும் யார் தலையில் என்று எழுதவே இல்லை. பிள்ளைகளுக்கும் எனக்கும் லாபம், வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் நஷ்டம், அத்தைக்கு அவருடைய ஊரே போனது. ஆளுக்கு ஒரு பத்தி என்று போட்டிருந்தால், வீட்டை வாங்காமல் இருந்திருப்போம் என்று சொல்லவில்லை, பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில், முற்றம் குறைவான வீடாகப் பார்த்திருப்போம். இப்போது விற்றால் லாபம் என்று தரகர்கள் அழைக்கிறார்கள். விற்ற பணத்தில் இதே பக்கம் இதைவிடச் சின்ன வீடுதான் வாங்க முடியும், அதனால் தொலைபேசியை வைத்துவிடுகிறேன்.

அந்த ஆசிரியைக்கு நேற்றுத்தான் பதில் சொன்னேன். ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி தங்கச் சொல்லியிருக்கிறேன். திங்கள் காலை அவள் வீட்டுக்காரர் எங்கள் வாசலில் இருந்தே ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும். அவளுடைய மாமியாரையும் கட்டாயம் அழைத்து வர வேண்டும். கூடவே ஒரு வாளி ஈரத்துணி. "துணி எதுக்கு அக்கா?" என்றாள். காய்கிறதா பார்ப்போம், கொண்டு வா என்றேன்.